மூன்றாம் வகுப்பில் பாடத்தை ஒப்பிக்கிறார்கள், படிக்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பென்னாகரம்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளிக்கு இந்த ஜூனில் மாறுதலில் வந்திருக்கிறேன். நான்கு, ஐந்தைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, மூன்றும் ஒரே அறையில்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் கடகடவென்று வாசிக்கிறார்கள். குரல் ஏற்ற இறக்கம்கூட சரியாக இருக்கிறது. அதே பக்கத்தில் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னம்மா?" என்றால் முழிக்கிறார்கள். ஒரு பெண் என்ன செய்கிறாள் என்றால், அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து "குருவி" என்கிறாள். அதே 'குருவி'யைக் கரும்பலகையில் எழுதினால் தெரியவில்லை. சில நேரம் விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும்.

க ங ச ஞ வரிசையாகச் சொல்வார்கள், கலைத்துக் கேட்டால் பாதி வராது. இரண்டு பேர் மட்டும் எதைக் கொடுத்தாலும் படிக்கிறார்கள்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று (அரும்புதான் தொடக்க நிலை) பிரிப்பதும் தெரியும், கையேடும் இருக்கிறது. ஆனால் அரும்பில் இருக்கும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாளைக் காலையில் நான் எதை எடுத்து வைப்பது? மறுபடி அ, ஆ விலிருந்தா? இல்லை, முழுச் சொல்லாகவே காட்டிப் பழக்கலாமா? தனியார் பள்ளிகளில் எழுத்தை அதன் ஒலியோடு இணைத்துப் படிக்க வைக்கும் முறையைப் போனிக்ஸ் என்கிறார்களே, அது தமிழுக்கு ஒத்துவருமா? வகுப்பறையில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம்_ஓய்வாசிரியர்

டீச்சர், நானும் காரிமங்கலம், பாலக்கோடு ஒன்றியங்களில் தொடக்கப் பள்ளியிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆக்கிக்கொள்வதை அவர்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்ல காது, நல்ல ஞாபகம் என்றுதான் அர்த்தம். எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும் வகுப்பில் நாலு பேர்தான் உண்மையில் வாசிப்பார்கள், மற்றவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போவார்கள், வாசலில் நின்று கேட்கிறவருக்கு வகுப்பே படிப்பது போல இருக்கும். அதனால் கூட்டு வாசிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே கலைத்துப் போட்ட எழுத்துகள், அதன் கீழே இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், அதற்கும் கீழே நாலு சின்ன வாக்கியம், கடைசியில் ஒரு குட்டிக் கதை. பாடப்புத்தகத்தில் உள்ளது எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டுவதும் இந்த மாதிரித் தாள்தான். பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்குத் தொடங்கும் இடம், அது எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் சரி. இன்னொன்று, தாளில் அர்த்தமே இல்லாத ரெண்டு சொல்லும் போடுங்கள், 'மடபு', 'தீகல்' என்று ஏதாவது. அதைப் படித்துவிட்டால் அந்தப் பிள்ளை மனப்பாடத்தை நம்பியில்லை, எழுத்தைக் கூட்டத் தெரிகிறது.

அ, ஆ விலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டினால் பிள்ளை மலைத்துவிடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய். அதில் பெரும்பகுதி ஒரு சில குறிகளால் வருவது. துணைக்கால் என்ன செய்கிறது என்று பிள்ளைக்கு உண்மையிலேயே புரிந்துவிட்டால் கா, சா, டா, தா என்று பதினெட்டும் ஒரே வீச்சில் வந்துவிடும். உ, ஊ வரிசைக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, கூ வேறு, தூ வேறு. அந்த 36 எழுத்தையும் தனியாக, அவசரப்படாமல், சொல்லோடு சேர்த்துக் கொடுங்கள். என் பார்வையில் மூன்றாம் வகுப்பில் தடுக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த ரெண்டு வரிசையில்தான் தடுக்கிறார்கள். உங்கள் 'குருவி'யில் முதல் இரண்டு எழுத்தும் அதே வரிசைதான், பாருங்கள்.

தொடங்குவதற்கு ப, ட, ம, க, ல இந்த ஐந்தும் புள்ளியும் போதும். படம், மடம், கடல், பகல், பல், கல், பட்டம், கட்டம், பக்கம். இத்தனை சொல் கிடைக்கிறது, எல்லாமே பிள்ளைக்குத் தெரிந்த சொல். அப்புறம் துணைக்கால் சேர்த்தால் பால், காகம், மாடம், பாட்டம் என்று போகலாம். புள்ளியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 'பட்டம்' என்பதை 'படடம' என்று படிக்கிற பிள்ளைக்கு எழுத்து எல்லாம் தெரியும், புள்ளி தெரியாது. படம், பட்டம் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாயால் சொல்லச் சொல்லி, எங்கே நாக்கு நின்று போகிறது என்று கேளுங்கள். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கொம்புக்கும் நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துப் பலகையில் 'பென்னாகரம்' என்று இருந்தால் பிள்ளையின் கண்ணில் முதலில் விழுவது கொம்பு, வாயில் முதலில் வரவேண்டியது ப். 'ஒகேனக்கல்'லில் 'கே'வும் அப்படித்தான். 'கொ', 'கோ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து. 'கொடி'யை 'கெரடி' என்று படித்த பிள்ளைகள் என்னிடம் இருந்திருக்கிறார்கள், துணைக்காலும் ர வும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். மூன்று துண்டையும் அட்டையில் தனித்தனியாக வெட்டிக் கையில் கொடுத்து, சேர்த்து வைத்து ஒரே ஒலியாகச் சொல்லச் சொல்லுங்கள். சொல்வதை எழுதச் சொல்வதும் தினமும் இருக்கட்டும், நாலே சொல் போதும், கூட்டிப் படிப்பது அதில் உறுதியாகும்.

முழுச் சொல்லாகக் காட்டுவது பற்றி: சொல்லிலிருந்து தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. அறிவொளி இயக்கக் காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு அவர்கள் வாயில் புழங்கும் சொல்லை எழுதிக் காட்டி, அதைப் பிரித்து, அந்தத் துண்டுகளிலிருந்து புதுச் சொல் செய்ய வைத்தோம். பிரித்துச் சேர்ப்பதை விட்டுவிட்டுச் சொல்லின் உருவத்தை மட்டும் பழக்கினால், இன்று பாடத்தை ஒப்பிப்பது போல நாளை அட்டைகளை ஒப்பிப்பார்கள்.

ஓசூர்_அப்பா

நல்ல விளக்கம் சார். என் மகள் இங்கே ஆங்கிலவழியில் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் போனிக்ஸ் என்று தனியாகக் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் உண்மையாகவே முன்னேற்றம் தெரிந்தது. தமிழ் மட்டும் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். தமிழில்தான் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாமே, அப்புறம் ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம்.

கல்வியியல்_மாணவி

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், கிருஷ்ணகிரியில் எம்.எட். படிக்கும்போது இதே விஷயத்தில்தான் அதிகம் வாசித்தேன்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்காகப் பெரிய விவாதமே நடந்தது. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000இல் கொடுத்த அறிக்கை ஐந்து விஷயங்களைச் சொன்னது: ஒலிகளைக் காதால் பிரித்தறிவது, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைப்பது, தடையில்லாமல் வாசிப்பது, சொல்வளம், பொருள் புரிவது. இங்கிலாந்தில் 2006இல் வந்த ரோஸ் அறிக்கைக்குப் பிறகு எழுத்தொலி முறை, அதாவது போனிக்ஸ், பள்ளிகளில் அழுத்தமாக வந்தது. 2012 முதல் அங்கே முதல் வகுப்பு முடிவில் ஒரு சின்னச் சோதனை வைக்கிறார்கள். 40 சொல், அதில் 20 அர்த்தமே இல்லாதவை. காரிமங்கலம் சார் மேலே சொன்ன 'மடபு', 'தீகல்' அதே யோசனைதான்.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, உச்சரிப்பு ஒழுங்கு கிடையாது. தமிழில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் கற்க வேண்டிய வடிவங்கள் அதிகம். கன்னடத்தில் படிக்கும் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது: இந்த மாதிரி எழுத்துமுறையில் எழுத்துகள் முழுவதும் கைக்கு வரவே நான்காம் வகுப்பு வரை போகும். ஆங்கிலம் மாதிரி ஓரிரண்டு வருஷத்தில் முடிகிற வேலையில்லை. அதனால் உங்கள் மகள் இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டுவது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை சார். தினமும் கொஞ்சம் வாசித்தால் வேகம் தானாக வரும்.

"எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம்" என்பது பாதி உண்மைதான். 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் க ஒன்றுதான், ஒலி மூன்று. 'பச்சை', 'பஞ்சு', 'சாமி' சொல்லிப் பாருங்கள், ச வும் அப்படியே. இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்ற விதியை ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, தேவையும் இல்லை. ப, க, ல் என்று கூட்டி வேகமாகச் சொல்லும்போது, "அட, பகல்!" என்று தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. பேச்சில் அந்தச் சொல் இல்லாத பிள்ளை 'பக்கல்' என்று படித்துவிட்டு அப்படியே கடந்துபோகும்.

கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் ஒரு எளிய சூத்திரம் சொன்னார்கள். படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். தமிழில் சொல் தெரியாவிட்டால் சரியான ஒலியே வராது என்பதால் இங்கே அது இன்னும் கூடுதல் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

தளி_எல்லைப்பள்ளி

மாணவி அவர்கள் சொன்ன கடைசி விஷயம் எங்கள் பக்கம் தினசரி நடப்பது. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் சுற்றுவட்டாரத்தில் நிறைய வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. மலைப்பக்கம் இருளர் பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சு தனி. 2006ஆம் வருஷச் சட்டப்படி தமிழ் எல்லாப் பள்ளியிலும் கட்டாயப் பாடம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பிள்ளை தமிழை முதன்முதலாக முழுசாகக் காதில் கேட்பதே பள்ளிக்கூடத்தில்தான் என்பதை மனதில் வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் எழுத்தை வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். பேச்சுக்கு முன்னாலேயே எழுத்து வந்துவிடுகிறது. முழுப் பக்கத்தையும் தப்பில்லாமல் கூட்டிப் படித்துவிட்டு என்ன படித்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்குப் பொருள் தெரியும், எழுத்து தெரியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியவில்லை. அதிகாரிகள் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டால் இரண்டு வகுப்பும் ஒரே மாதிரி நன்றாகத்தான் இருக்கும்.

நான் செய்வது, முதல் சில மாதம் காலையில் பேச்சுதான். படத்தைக் காட்டி, அவர்கள் மொழியில் என்ன சொல்கிறார்களோ அதை ஏற்றுக்கொண்டு, தமிழில் திருப்பிச் சொல்வேன். நல்லவேளை, ஒட்டி வரும் சொற்கள் ஏராளம். ஊர், கண் ரெண்டு மொழியிலும் நெருங்கி வரும். வேர் தெலுங்கில் வேரு, பால் தெலுங்கில் பாலு. முதல் வாசிப்பு அட்டைகளை இந்தச் சொற்களில் எழுதினேன். பிள்ளைகளுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. வீட்டு மொழியில் பேசினால் கண்டிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். பிள்ளை வாயை மூடிக்கொண்டால் அப்புறம் எதைச் சொல்லிக் கொடுப்பது?

பெயர் விஷயமும் ஒன்று. முதலில் அவரவர் பெயரை எழுதப் படிக்கப் பழக்குவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். இப்போது பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள், தர்ஷினி, ஹரிஷ், யாஷிகா, ரித்திகாஸ்ரீ. ஷ, ஹ, ஸ்ரீ எல்லாம் எழுத்து வரிசையின் கடைசியில் வருபவை. தன் பெயரை ஒரு படம் போல வரைந்து பழகிக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து எழுத்து சொல்லிக்கொடுக்க முடியாது.

அரூர்_அக்கா

எல்லாரும் எழுத்து எழுத்து என்றே பேசுகிறீர்கள், எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாக இருக்கிறது. நான் ஆசிரியர் இல்லை, இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். நாள் முழுக்கப் பள்ளியில் எழுத்தும் அட்டையுமாக இருந்துவிட்டு வருகிற பிள்ளையிடம் நானும் அட்டையை நீட்டினால் எழுந்து ஓடிவிடும்.

நான் கதை படித்துக் காட்டுவேன். வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருக்கும், நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும், பள்ளியில் கேட்டு வாங்கி வந்தேன். பீரோவில் பூட்டி வைத்திருந்தால் கேளுங்கள் டீச்சர், கிழிந்தால் கிழியட்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை பிரித்து இலவசமாக இருக்கின்றன, செல்போனிலேயே காட்டலாம், அச்சடித்துத் தைத்தும் வைத்துக்கொள்ளலாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், நான் சலிக்காமல் படிப்பேன். அப்புறம் ஒரு நாள் ஒருத்தன் புத்தகத்தைப் பிடுங்கித் தானே படிக்க ஆரம்பிப்பான். பாதி ஞாபகத்தில், பாதி எழுத்தைப் பார்த்து. அந்தக் கலவை தப்பு என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கம் புளி சீசன் வந்தால் வீட்டோடு உட்கார்ந்து புளி தட்டுவார்கள், பிள்ளைகளும் கூட. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் பிள்ளை பாட்டியிடம் இருக்கும், பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. நான் பிள்ளையிடம் சொல்வது, "பாட்டிக்குப் படித்துக் காட்டு." பாட்டிகள் சும்மா இருக்க மாட்டார்கள். "ஏன்டா, அந்த நரி அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை மறுபடி புத்தகத்தைப் பார்த்தாக வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டி எங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்.

காரிமங்கலம்_ஓய்வாசிரியர்

அரூர் அக்கா சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். கதை படித்துக் காட்டுவது தினமும் நடக்க வேண்டும், அதை விளையாட்டு நேரத்திலிருந்தோ மீதி நேரத்திலிருந்தோ எடுக்காமல் பாட வேளையிலேயே செய்ய வேண்டும். எல்லைப்பள்ளி ஆசிரியர் சொன்ன சொல்வளம் அங்கிருந்துதான் வரும்.

ஒரே இடத்தில்தான் மாறுபடுகிறேன். பிள்ளை தானாக எடுத்துப் படிக்கும்போது தடுக்கினால் "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். படத்தில் நாய் இருக்கும், கீழே 'குட்டி' என்று எழுதியிருக்கும், பிள்ளை 'நாய்' என்று படித்துவிட்டுச் சிரிக்கும், நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிற பழக்கமும் அப்படித்தான் வருகிறது. 'தக்காளி' என்று எழுதியிருந்தால் 'தண்ணீர்' என்பார்கள். நம் பக்கம் தக்காளிப் பெட்டியில்லாத வீடு உண்டா, அந்தச் சொல் தெரியாததல்ல, கண் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். தடுக்கிய இடத்தில் எழுத்தின் மேல் விரல் வைத்து, கூட்டிப் படித்து, அப்புறம் படத்தைப் பார்த்து "ஆமாம், சரிதான்" என்று உறுதி செய்துகொள்ளட்டும். நாம் ஐந்து எண்ணுகிற அளவு காத்திருக்க வேண்டும், சொல்லைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

கல்வியியல்_மாணவி

சார் சொன்ன ஊகிக்கும் பழக்கம் பற்றி ஆங்கிலத்திலும் நிறைய எழுதியிருக்கிறார்கள். திறமையான வாசகர்கள் ஊகித்துத்தான் படிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கண் அசைவை அளந்து பார்த்தபோது நன்றாகப் படிப்பவர்கள் ஏறக்குறைய எல்லாச் சொல்லையும் பார்த்துத்தான் போகிறார்கள், படமும் சூழலும் தேடி ஊகிப்பது தடுமாறும் பிள்ளைகள்தான் என்று தெரியவந்தது.

பென்னாகரம்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாள் தயார் செய்து எல்லாரையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டேன். நான் நினைத்திருந்ததற்கும் தாளில் வந்ததற்கும் நல்ல வித்தியாசம். பாடத்தில் ரொம்பச் சரளமாக வாசித்த ஒரு பையன் சொற்களிலேயே நின்றுவிட்டான், வாயே திறக்காத ஒரு பெண் குட்டிக் கதையை முழுசாகப் படித்தாள். குருவிப் பெண்ணுக்கு மெய், துணைக்கால், மேல் விலங்கு எல்லாம் வருகிறது, சார் சொன்ன மாதிரி கு, ரு, து தான் வரவில்லை. அவளுக்கு அந்த வரிசை மட்டும் போதும் என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

இப்போது காலை முதல் வேளையில் வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து உட்கார வைக்கிறேன். தலைமை ஆசிரியரிடம் பேசினேன், நான்கு, ஐந்திலிருந்தும் தடுமாறும் பிள்ளைகளை அந்த நேரத்துக்கு அனுப்புகிறேன் என்றார். கதைவரை வந்துவிட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். கூட்டு வாசிப்பு பாட்டுக்கு மட்டும். மதியம் சாப்பாடு முடிந்ததும் நான் ஒரு கதை படிக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன், கணக்கு மனதாலேயே போடுவான், கதை சொல்லச் சொன்னால் வகுப்பே கேட்கும். எழுத்து மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. நேற்று வந்த 'ம' இன்று 'ப' ஆகிவிடுகிறது. அம்மா, "சோம்பேறி டீச்சர், அடிங்க" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சிறப்பு_பயிற்றுநர்_கிருஷ்ணகிரி

உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி டீச்சர், அடி இதற்கு மருந்தில்லை. பேச்சும் கணக்கும் நன்றாக இருந்து எழுத்து மட்டும் நிற்காத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் எதிரிலேயே பையனைக் கதை சொல்ல வையுங்கள்.

முதலில் கண், காது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பலகை தெரிகிறதா, ஒரு கண்ணை மூடினால் இன்னொன்றில் தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகக் கண் பரிசோதனை. காதில் சீழ் வடிந்த வரலாறு உண்டா என்று கேளுங்கள், சின்ன வயதில் அடிக்கடி காது அடைத்திருந்தால் ம, ப, வ எல்லாம் ஒன்றுபோலக் கேட்டிருக்கலாம்.

அது இரண்டும் சரி என்றால், நீங்கள் இப்போது செய்கிற முறையையே அவனுக்கு இன்னும் சின்னத் துண்டாக, ஒரு நேரத்தில் இரண்டே எழுத்தாகக் கொடுங்கள். ம வும் ப வும் ஒரே வாரத்தில் வேண்டாம், ஒன்று உறுதியான பிறகு மற்றொன்று. மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்லட்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்ததுதான், 1790களில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மணலில் எழுதுவதையும் பெரிய பிள்ளை சின்ன பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் இங்கே பார்த்துவிட்டுத்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நீங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பதும் அதுவே.

ஒரு பருவம் இப்படி ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள், பள்ளிக்கே வந்து பார்ப்பார்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்று கிடைத்தால் பின்னால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் இப்போதே அவன் மேல் எந்தப் பெயரையும் ஒட்ட வேண்டாம், வகுப்பில் மற்ற பிள்ளைகள் காதில் விழும்படி பேசவும் வேண்டாம். அவன் கதை சொல்வதை நீங்கள் எழுதி, அவன் சொன்ன வரிகளையே அவனுக்குப் படிக்கக் கொடுத்துப் பாருங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் பொருளில் தடுக்காது, கவனம் முழுக்க எழுத்துக்குப் போகும்.

பென்னாகரம்_டீச்சர்

இதை யோசிக்கவே இல்லை. நேற்றே அவனை உட்கார வைத்து எழுதினேன், ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்த கதை, நாலு வரி. 'ஆடு' என்ற சொல்லை அவனே விரல் வைத்துக் கண்டுபிடித்தான். கண் பரிசோதனைக்கு அடுத்த வாரம் அம்மாவோடு போகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லைப்பள்ளி சார், நீங்கள் எழுதிய முதல் அட்டைச் சொற்களைப் படம் எடுத்துப் போட முடியுமா? என் வகுப்பிலும் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தளி_எல்லைப்பள்ளி

போடுகிறேன் டீச்சர், திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும். கையெழுத்து சுமார்தான், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் எழுத்தைப் பெரிதாக, புள்ளியை இன்னும் பெரிதாகப் போடுங்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அடுத்த முறை வண்ணத்தில் எழுதுவதாக இருந்தால் கொம்பும் எழுத்தும் காலும் மூன்றுமே ஒரே நிறமாக இருக்கட்டும், வேறு வேறு நிறம் கொடுத்தால் பிள்ளைகள் அதை மூன்று எழுத்தாக எண்ணுகிறார்கள்.